கேட்பவர் வைக்கும் சுருதி

எங்கள் நாடக நடிகர் சங்கத்தில் சேருவதற்கு இப்போது யாரும் நேரில் வந்து பாட வேண்டியதில்லை. ஒரு நிமிடம் பாடி, அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் வந்ததிலிருந்து என் போன் ஓய்வதில்லை. "அய்யா, எந்த எடத்த வெட்டிப் பாடி அனுப்பட்டும்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. எந்தப் பாட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. அது அவர்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. கத்தி மட்டும்தான் என்னிடம் இரவல் கேட்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பிறகும் போன் செய்கிறவர்கள் செய்யலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எரிச்சல்பட ஏதாவது வேண்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் தமிழ் எம்.ஏ. படித்தேன். கல்லூரியில் வேலைக்குப் போவேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் கால்பெட்டி மிதிக்கப் போனேன். பெட்டி என்று நாங்கள் சொல்வது ஆர்மோனியத்தை. கற்றுக்கொடுத்தவர் திட்டியது பாதி, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி. அதற்குப் பிறகு திண்டுக்கல்லைச் சுற்றி நான் வாசிக்காத கோயில் பொட்டல் குறைவு. சங்கத்தில் தேர்வு நடக்கும் நாளிலும் பெட்டி என்னுடையதுதான். விதிகளை எழுத உட்கார்ந்த குழுவில் எம்.ஏ. படித்தவன் நான் ஒருவன் என்பதால், விதிகளும் என் தலையில் விழுந்தன. எந்த விதி எதற்காக வந்தது, எவர் செய்த அழும்பினால் வந்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

எங்கள் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. இதை வெளியாட்கள் நம்புவதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து பஸ் ஏறுவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பெட்டிக்காரன் வேறோர் ஊர். எல்லோரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வது நாடகம் நடக்கிற ஊரில், அன்று சாயங்காலம்தான். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், மற்றதெல்லாம் மேடையில். அதனால் தேர்வையும் அதற்குத் தகுந்தாற்போல் அமைத்திருந்தோம். பாட வருகிறவர் பெட்டிக்காரனோடு முன்கூட்டி உட்கார்ந்து பார்க்கக் கூடாது. மேடையில் எப்படிச் சந்திப்பாரோ அப்படித்தான் இங்கேயும் சந்திக்க வேண்டும்.

மூன்று துண்டுகள் பாட வேண்டும். முதலாவது எடுப்பு: திரைக்கு உள்ளே நின்றபடி, முகம் காட்டாமல், நுழைவுப் பாட்டின் முதல் இரண்டு வரிகள். அடுத்தது தாளம் இல்லாமல் ஒரு விருத்தம். மூன்றாவது தாளத்தோடு ஒரு பாட்டில் பல்லவியும் சரணத்தில் ஒரு பகுதியும். மூன்றையும் தேர்ந்தெடுப்பது பாடுகிறவர் உரிமை. சுருதி மட்டும் அவர் உரிமை இல்லை. ராஜபார்ட்டாக இருந்தாலும் ஸ்திரீபார்ட்டாக இருந்தாலும் ஐந்து கட்டைக்குக் குறையக் கூடாது. கட்டை என்பது பெட்டியில் ஆதார சுருதிக்காக நான் அழுத்தும் இடம். எண் ஏற ஏறக் குரலும் மேலே நின்றாக வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. பிறகு மைக் வந்தது, விதி போகவில்லை. விதிகள் அப்படித்தான். காரணம் செத்த பிறகும் அவை பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும்.

துண்டைத் தேர்ந்தெடுப்பதில் மனிதர்கள் செய்கிற தவறுகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். முதல் பிள்ளை, எல்லோருக்கும் பிடித்த மயானப் புலம்பல். ஒரு தேர்வு நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அதை வரிசையாக அத்தனை பேரும் பாடித் தீர்த்தார்கள். மிருதங்கக்காரர் என் பக்கம் குனிந்து, "பிணத்துக்கே தூக்கம் வந்துரும்ண்ணே" என்றார். இரண்டாவது பிள்ளை, பாட்டிலேயே உச்சமான இடத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு வருவது. ஏறி வந்த வழியைக் காட்டாமல் மொட்டை மாடியில் நிற்கிறவன் ஏணியில் வந்தானா, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தானா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது பிள்ளை, நடுவில் நீளமான பெட்டி வாசிப்பு இருக்கிற பாட்டு. கொடுத்த நேரத்தில் பாதியை நான் வாசித்துத் தீர்ப்பேன். தேர்வு எனக்கா அவருக்கா என்று எனக்கே சந்தேகம் வரும். இன்னும் சிலர் சரணத்தை நடுவில் வெட்டி, பல்லவிக்குத் திரும்பாமல் விட்டுவிட்டுக் கும்பிடு போடுவார்கள். பாட்டு அந்தரத்தில் தொங்கும். அவர் இறங்கிப் போய்விடுவார்.

இத்தனையையும் உட்கார்ந்து கேட்டவர் தேர்வுக் குழுவின் தலைவர் இபுராம்சா அய்யா. திண்டுக்கல்லில் அவருடைய பிள்ளைகள் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் வாலிபத்திலிருந்து ராஜா வேஷம் கட்டியவர். அவர் தேர்வு கேட்கும் விதம் தனி. வேட்டிக்கு மேல் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்து வைத்திருப்பார். பாடுகிறவரைப் பார்க்க மாட்டார்; தரையைப் பார்ப்பார். போதும் என்று தோன்றினால் துண்டை எடுத்துத் தோளில் போடுவார். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் பாடுகிறவர் முடிக்க வேண்டும். அப்போதுதான் அய்யா தலையை நிமிர்த்துவார். எப்படி முடிக்கிறான் என்பதைத்தான் அவர் பார்ப்பார். பயந்து பாதி வார்த்தையில் நிற்கிறவனும், துண்டைப் பார்க்காததுபோல இன்னொரு சங்கதி போடுகிறவனும் அவரிடம் தேறியதில்லை. எடுத்த வரியை ஒழுங்காகக் கொண்டுபோய் இறக்கிவைக்கிறவன் தேறுவான். "ஆரம்பிக்க வீட்ல சொல்லிக் குடுத்துருவாக தம்பி. நிறுத்துறது ஒருத்தன் சொந்த புத்தி" என்பார்.

அவருக்கு ஒரு கடுமையும் உண்டு. குரல் ஐந்துக்குக் கீழே இறங்கியவர்களை மேடையில் பார்க்கச் சகிக்க மாட்டார். தனக்குக் குரல் இறங்கியது தெரிந்த அன்றைக்கே வேஷத்தைக் கலைத்தவர் அவர். அதற்குப் பிறகு பேரப்பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை என்று அவர் வீட்டிலேயே சொல்வார்கள். "எறங்குன பெறகு நிக்கக் கூடாது. நிக்கிறவனுக்கு அசிங்கம். கேக்குறவனுக்குப் பாவம்." இதைச் சொல்லி அவர் வீட்டுக்கு அனுப்பியவர்களில் நல்ல நடிகர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

குழுவில் அவரோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் கமலவேணி அம்மா, பழைய ஸ்திரீபார்ட். மற்றவர் ராஜபார்ட் முருகவேல். அப்போது நாற்பது வயதுக்காரர். ஐந்தரைக் கட்டையில் நின்று பாடுவார், அதை ஊருக்கு ஒரு தடவையாவது எல்லோருக்கும் நினைவுபடுத்துவார். கர்வம் உண்டு, அதைவிடப் பெரிய காது உண்டு. தேர்வில் தேற மூன்று பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது செல்லத்தாயைப் பற்றி.

செல்லத்தாய் சேவுகம்பட்டிக்காரி. ஸ்திரீபார்ட். பாட்டும் வாயும் சம அளவில் உள்ளவள். தர்க்கம் என்று எங்கள் நாடகத்தில் ஒரு கட்டம் வரும்; ராஜபார்ட் பாட்டாலே கேள்வி கேட்பார், ஸ்திரீபார்ட் பாட்டாலே மடக்க வேண்டும். அதில் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்த ராஜாக்கள் பலர். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். அதோடு மூன்று நாடகப் பருவம் மேடை ஏறவில்லை. எங்கள் விதிப்படி மூன்று பருவம் ஏறாதவர் பெயர் நீங்கிவிடும். திரும்ப வேண்டுமென்றால் மறுதேர்வு. மறுதேர்வு ஒரே ஒரு முறைதான். அதில் தவறினால் பிறகு ஸ்திரீபார்ட்டாக, நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் எந்த ஏஜெண்டும் கூப்பிட முடியாது.

அந்த வருடக் கார்த்திகையில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சம்பங்கித் தோட்டத்தில் பூ எடுக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கழுத்தில் நூல் ஒட்டியதுபோல ஒரு தழும்பு.

"அண்ணே, டீ சாப்புடுவமா?"

"தேர்வுக்கு வரப்போறவ பெட்டிக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்தா அதுக்குப் பேரு லஞ்சம்."

"அப்ப நீங்க வாங்கிக் குடுங்க. அது தர்மம்."

வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடைக்கானல் பஸ்ஸில் இடம் பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுருக்கு ஒண்ணுமில்லன்டாக. மேல போறப்ப கொரல் அறுந்துபோகுதுன்னு டாக்டர்ட்ட சொன்னேன். 'பேச்சு நல்லா வருதுல்ல?'ன்னு கேக்குறாரு. வருதுண்ணே. பேசுறதுக்கு என்னைய யாரு கூப்புடுறா?"

"எதுல நிக்கிற?"

"நாலுல முழுசா நிக்கிறேன். அஞ்சுல கீழ்ப்பாதி இருக்கு, மேல்பாதி இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, நான் அஞ்சுன்னு சொல்றேன். நீங்க பெட்டிய செத்த எறக்கி வச்சுக் குடுத்தீகன்னா…"

"அஞ்சுன்னு சொல்லிட்டு நாலுல வச்சா எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்னு நெனைக்கிறியா? அங்க மூணு காது உக்காந்திருக்கு. அது ஒரு பக்கம். தெரியாட்டியும் வைக்க மாட்டேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினாள்.

"கேட்டுப் பாத்தேன். கேக்காம விட்டா மனசு அறுக்கும். பூவெடுக்குறது ஒண்ணும் கேவலம் இல்லண்ணே. ஆனா தோட்டத்துல 'செல்லம் ஒரு பாட்டு'ன்றாக. பாடுவேன். நல்ல எடத்துக்கு வாரப்ப 'ஏய், அந்த வரப்புப் பக்கம் மொக்கு விட்டுப்போச்சு பாரு'ன்றாக. பாட்ட அங்கனயே விட்டுட்டு மொக்கப் பாக்கணும். எம்புட்டு நாளைக்கு?"

காலி டம்ளரை வாங்கிக் கடைப்பலகையில் வைத்தேன்.

"சரி, விதியச் சொல்லுங்க. அது கேக்கலாம்ல?"

விதி யார் கேட்டாலும் சொல்ல வேண்டியது. சொன்னேன். நான் விதி சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவது வழக்கம். அவள் விடவில்லை. யாரும் பல வருடங்களாக எடுக்காத ஒரு விதி உண்டு, அதையும் முறைப்படி சொல்லி வைத்தேன். மூன்று துண்டுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு தர்க்கம் பாடலாம். அப்படிப் பாடினால் கேள்வி கேட்கிற ராஜபார்ட்டைத் தேர்வுக்கு வருகிறவர் கூட்டி வரக் கூடாது. குழுவில் உள்ள ஒருவரே கேட்பார். கேட்பவர் எந்தச் சுருதியில் கேட்கிறாரோ அதே சுருதியில்தான் பதில். கேட்டவருக்குத் தீர்ப்பில் ஓட்டு கிடையாது. என்ன கேள்வி வரும் என்று தெரியாமல், பழுத்த ஒரு ராஜபார்ட்டிடம் போய் நிற்பதற்கு யாருக்கும் தைரியம் கிடையாது. அதனால்தான் அந்த விதி தூசி படிந்து கிடந்தது.

"அத இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

பஸ் இரைச்சலில் கேட்கவில்லை போலும் என்று நினைத்து மறுபடி சொன்னேன்.

மார்கழியில் சங்கக் கட்டடத்து மாடியில் தேர்வு நடந்தது. அவள் முறை வந்தது. மேடையில் வந்து நின்று, "நான் தர்க்கம் எடுத்துக்கிறேன்யா" என்றாள்.

முருகவேல் சிரித்துவிட்டார். "தர்க்கமா? யாரோட, சொவத்தோடயா?"

"ஒங்கள்ல ஒருத்தரோட. விதி இருக்கு. அண்ணனக் கேளுங்க."

இபுராம்சா அய்யா தரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி?" என்றார். நான் விதியைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான், பஸ் ஸ்டாண்டில் அவள் எதைக் கணக்குப் போட்டாள் என்பது எனக்கு விளங்கியது. தானாகப் பாடினால் ஐந்துக்குக் குறையக் கூடாது. கேட்பவர் வைக்கும் சுருதி என்றால் அதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனால் கேட்பது யார்? கமலவேணி அம்மா ராஜபார்ட் இல்லை. மீதி இரண்டு பேர். முருகவேல் கேட்டால் ஐந்தரையில் வைப்பார். அவள் முதல் பதிலிலேயே முறிந்துவிடுவாள். இபுராம்சா அய்யா கேட்டால் சுருதி அவர் குரல் நிற்கிற இடத்துக்கு வரும். ஆனால் அவருக்கு ஓட்டு போய்விடும். மிச்சம் இருக்கிற இரண்டு பேரும் சேர்ந்து தேறியது என்று சொன்னால்தான் உண்டு. அந்த இரண்டு பேரில் ஒருவர், ஐந்து கட்டை இல்லாத பொம்பளைக்கு மேடை எதற்கு என்று அன்று காலையில்தான் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னவர்.

கமலவேணி அம்மா மெல்லச் சொன்னார்: "அய்யா, முருகவேலே கேக்கட்டும். ஓட்டு நம்ம ரெண்டு பேருகிட்ட இருக்கும்ல? பிள்ள அஞ்சாறு வார்த்த சொன்னாலும் நாம பாத்துக்குவோம்."

"பாத்துக்குறதுன்னா? பாடாததப் பாடுனதா எழுதுறதா?" என்றார் அய்யா.

அய்யா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி வைத்துக்கொண்டார். மடியில் இருந்த துண்டை எடுத்து நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் கேக்குறேன்."

விதிப்படி நான் எச்சரிக்க வேண்டும். எச்சரித்தேன். "அய்யா, பாடுனா உங்களுக்கு ஓட்டு இல்ல. மத்தவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிறணும்."

"தெரியும் தம்பி. முருகவேலுக்கு என்னையப் பிடிக்காம இருக்கலாம், இந்தப் பிள்ளையப் பிடிக்காம இருக்கலாம். அவன் காது அவன் பேச்சக் கேக்காது. சுருதிய வையி."

"எத்தனைல?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது; கேட்பதுதான் என் வேலை. ஆனால் எத்தனையோ ஊரில் ஐந்தரைக்கு மேல் நின்று பாடிய மனிதர், அது போன அன்றைக்கு வாயை மூடிக்கொண்ட மனிதர், இறங்கியவன் நிற்கக் கூடாது என்று ஊருக்குச் சொன்ன மனிதர், தன் வாயால் எண் சொல்ல வேண்டும்.

"நாலு" என்றார். "அதுக்கு மேல நம்மகிட்ட இல்ல."

வைத்தேன்.

ராஜா ஒருவன் பூந்தோட்டத்துக் காவல்காரியிடம் வம்பு செய்கிற கட்டம். அய்யா தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை. நேரே எடுத்தார். குரலில் கரகரப்பு இருந்தது. ஓரம் தேய்ந்த நாணயம் மாதிரி. ஆனால் செல்லாத நாணயம் இல்லை.

"வேலி இல்லாத் தோட்டத்திலே வேந்தன் வந்தால் என்னடி?"

செல்லத்தாய் அவசரப்படவில்லை. நான் அந்த வரியைப் பெட்டியில் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்கும்வரை நின்றாள். பிறகு,

"வேலி இல்லை என்பதாலே வீதி என்று ஆகுமா?"

மிருதங்கக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அய்யா அடுத்ததை வேகமாகப் போட்டார்.

"காவலுக்கு ஆளும் இல்லை, கையைத் தொட்டால் கேட்பதார்?"

"காவலுக்கு ஆள் எதற்கு? காலில் உண்டு செருப்புமே!"

முறைக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கமலவேணி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அய்யா சிரிக்கவில்லை. அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார், மேடையில் ராஜா நடப்பதுபோலவே. அவர் காலில் அந்த நடை இன்னும் இருந்தது. தர்க்கத்தில் கேட்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தால் அது எதிராளிக்குச் செய்கிற அவமரியாதை. அய்யா விட்டுக்கொடுக்கவில்லை. எந்த நாடகத்திலும் இல்லாத ஒரு கேள்வியை அந்த இடத்திலேயே கட்டி அவள்மேல் போட்டார்.

"குரல் இறங்கிப் போன பின்னே கொலுவில் என்ன வேலையோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. அது அவளைக் கேட்டதா, தன்னையே கேட்டுக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. என் விரல் அந்த வரியைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு சுற்று வாசித்தேன். அவள் எடுக்கவில்லை. இரண்டாவது சுற்று போனேன். மேடையில் மூன்றாவது சுற்றுக்குப் பெட்டி போய்விட்டால் ஸ்திரீபார்ட் தோற்றதாக அர்த்தம். இரண்டாவது சுற்று முடிகிற இடத்தில், எந்த அலங்காரமும் இல்லாமல், பேசுவதுபோல எடுத்தாள்.

"மலையில் நிற்கும் தண்ணி யார்க்கு? இறங்கினால்தான் ஊருக்கு."

அந்த வரியைத் திரும்பப் பாடியபோது கடைசியில் கொஞ்சம் மேலே போனாள். நாலு கட்டையிலும் அந்த இடத்தில் குரல் ஒரு நூல் பிரிந்தது. பிரிந்ததை மறைக்காமல் அப்படியே கொண்டுவந்து கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவளும் பாடவில்லை, அய்யாவும் கேட்கவில்லை. தோளில் போட அவரிடம் துண்டு இல்லை. கையை மட்டும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோய் இறக்கினார்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. அய்யா நாற்காலிக்குத் திரும்பவில்லை. "நான் தொழுதுட்டு வாரேன். நீங்க பாருங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். முடிவைக் கேட்க நிற்கவில்லை.

"தேறுச்சு" என்றார் கமலவேணி அம்மா, நான் கேட்பதற்கு முன்னாலேயே.

முருகவேல் கையைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது, "தேறுச்சுண்ணே" என்றார். வாய்க்கு விருப்பமில்லாத சொல் என்பது தெரிந்தது. உடனே அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"தேறிட்ட. ஒத்துக்கிறேன். இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. வெளிய எல்லா ராஜபார்ட்டும் அஞ்சு, அஞ்சர. அய்யா இனி மேடைக்கு வரப் போறதில்ல. நாலு கட்டையில ஒன்னையக் கேக்குறதுக்கு எவன் இருக்கான்?"

செல்லத்தாய் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

முருகவேல் பொல்லாத மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது சரி. தை வந்தது. அவள் பெயர் சங்கத்தில் திரும்ப ஏறியது. ஒருவரும் கூப்பிடவில்லை. மாசியிலும் இல்லை. ஏஜெண்டுகளிடம் விசாரித்தேன். "ஆளு இருக்குண்ணே, ஜோடிதான் இல்ல" என்றார்கள். விதியைக்கொண்டு அவளை உள்ளே விடலாம்; விதியைக்கொண்டு ஓர் ஊர்க்காரனை வெற்றிலை பாக்கு வைத்து நாடகத்துக்குக் கூப்பிடச் சொல்ல முடியாது. அவள் சம்பங்கித் தோட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அய்யாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "இன்ஷா அல்லா" என்றார்.

பங்குனியில் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோயில் பொட்டலில் நாடகம். ராஜபார்ட் முருகவேல். பெட்டி நான். ஸ்திரீபார்ட் யார் என்று ஏஜெண்ட் எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் போய் இறங்கினால், வேஷம் போடுகிற ஓலை மறைப்புக்குள் சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்லத்தாய் தலை பின்னிக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஏஜெண்டைக் கேட்டேன். ராஜபார்ட்தான் கேட்டார் என்றான். தேர்வில் முடியாததை மேடையில் ஊருக்கு முன்னால் முடிக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

வேஷம் போடும் நேரத்தில் ராஜபார்ட் வந்து பெட்டிக்காரனிடம் சுருதி சொல்ல வேண்டும். அன்றைய மேடைக்கு அதுதான் சுருதி. முருகவேல் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிய நிலையில் வந்தார். நான் பழக்கத்தில் ஐந்தரையில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரே, இன்னைக்கு நாலுல வைங்க."

"என்னது?"

"நாலு. சளி பிடிச்சிருக்கு. தொண்ட கட்டிக்கிருச்சு."

அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் பொட்டலின் அந்தக் கோடியில் இருந்த மைக் செட்காரரை இந்தக் கோடியில் இருந்து வைததை ஊரே கேட்டது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை. மிருதங்கக்காரர் வார் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

தடுப்புச் சேலையை விலக்கிக்கொண்டு செல்லத்தாய் தலையை நீட்டினாள். பாதிப் பின்னல் கையில் இருந்தது.

"யாருக்குத் தொண்ட கட்டிருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் முருகவேல், திரும்பாமல்.

"எனக்காக எறக்குறதா இருந்தா வேணாம்ண்ணே. நான் இப்பவே பஸ் ஏறிருவேன். பிச்சைச் சுருதில நின்னு எனக்குப் பழக்கமில்ல."

"ஏத்தா, ஒனக்காக எறக்குறதுக்கு நீ என்ன எங்க அத்த மகளா? சளின்னா சளி. கேள்வி கேக்குறவன் நானு. நான் எதுல கேக்குறனோ அதுல நீ பதில் சொல்லு. முடிஞ்சா."

"முடியாமலா?"

"பாப்பம்."

அவள் உள்ளே போய்விட்டாள். முருகவேல் நின்ற இடத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் தடுப்புக்குக் கீழே ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் ஒரு டம்ளர் பால். மிளகு தட்டிப் பனங்கற்கண்டு போட்டு, தன் தொண்டைக்காகப் பிளாஸ்கில் அவள் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்தது.

"சளிக்கு நல்லது. குடிங்கண்ணே."

நான் நாலாம் கட்டையை அழுத்தினேன். முருகவேல் டம்ளரை வாங்கினார். மிளகு அதிகம்போல, கண்ணில் நீர் முட்டி, பூசிய அரிதாரத்தில் ஒரு கோடு இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. இல்லாத சளிக்காக, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.